சாட்சி பல்பும் பச்சை விளக்கும்

என் மாமியார் எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட் பஜார் முழுக்க ஒரு செய்தியைப் பரப்பி வைத்திருந்தார். "எங்க மருமகளுக்கு டிவி பாக்குற உத்தியோகம். காலையில போயி உக்காந்தான்னா சாயங்காலம் வரைக்கும் டிவிதான். அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்க!" மீன் வாங்கப் போனால் மீன்காரர் கேட்பார், "என்ன அக்கா, இன்னைக்கு என்ன படம்?" வேலைக்காக எதிர்க்கரைச் சாத்தம் துறைக்குப் போகிற படகில் பக்கத்தில் உட்கார்கிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மாமியாரிடமே கத்திவிட்டேன். "அத்தே, அது டிவி இல்ல. ஒரு டப்பாவுல எரியிற பச்சை விளக்க நாள் முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கணும். வேற ஒண்ணுமே நடக்காது." மாமியார் அசரவில்லை. "எங்க சீரியல்லயும் ஒண்ணும்தான் நடக்கிறதில்ல" என்றார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களையும் இப்படித்தான் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னால் அவள் நாற்பது வார்த்தை பேசுவாள் என்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆகவே கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேளுங்கள். கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர இங்கே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அந்தத் திரையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் சோதனைக்கூடத்தின் நடுவில் இருக்கிறதே அந்த இரும்பு அறை, அதன் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே மொபைல் எடுக்காது, வானொலி பாடாது. சுவரெல்லாம் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு. சோதிக்க வேண்டிய கருவியை மேஜையில் வைத்து, அதன்மேல் பலமான ரேடியோ அலையை ஆண்டெனாவால் வீசுவோம். கப்பலில், ஆஸ்பத்திரியில், படகில் அதைச் சுற்றி எத்தனையோ அலைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே அது நிதானம் தவறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் மனிதர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆகவே உள்ளே ஒரு கேமரா, வெளியே ஒரு திரை, திரைக்கு முன்னால் நாம். கருவி தடுமாறியதா இல்லையா என்று சொல்வது பல நேரங்களில் நம் கண் மட்டும்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, அந்த வேலை.

இதில் ஒரு வம்பு உண்டு. உள்ளே வீசுகிற அலை கருவியை மட்டும் பார்த்து வீசுவதில்லை, கேமராவின் மேலும்தான் விழுகிறது. நான் சேருவதற்கு முன்னால் நடந்த கதை இது. வடக்கே ஒரு தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இதயத்துடிப்பு மானிட்டர் சோதனைக்கு வந்திருந்தது. அலை ஏறியதும் திரையில் மானிட்டரின் கோடு நடுங்கியது. எல்லாரும் பார்த்தார்கள், எல்லாருக்கும் நிச்சயம். கருவி சரியில்லை என்று எழுதி மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே சோதித்தால் பாறை மாதிரி நிற்கிறது. நடுங்கியது நம் கேமரா! அந்த மானிட்டர் திரும்பக் கடல் கடந்து வருகிறவரைக்கும் அந்த ஆஸ்பத்திரி மானிட்டர் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான், எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு காரியம் செய்தார். கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்துவிட்டு வந்த மலையாளி. பெயரைச் சொன்னால் "என்னை எதுக்கு இழுக்குற" என்று போன் செய்து திட்டுவார், அதனால் சொல்லவில்லை. ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு துண்டு வயர். அதில் அலைக்குக் குழம்புகிற சமாசாரம் எதுவுமே கிடையாது. அதைச் சோதனைக் கருவியின் பக்கத்திலேயே கேமராவுக்குத் தெரிகிற மாதிரி எரியவிட்டார். 'சாட்சி' என்று அதற்குப் பெயர் வைத்தார். எனக்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான்: "ரெண்டு பேர் நிக்கிற போட்டோவுல ஒருத்தர் தலை மட்டும் ஆடியிருந்தா, ஆடினது அந்தத் தலை. ரெண்டு தலையும் ஆடியிருந்தா, ஆடினது போட்டோக்காரன் கை." இதைவிட நன்றாக யாரும் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

ஆனால் சாட்சியை வைத்தால் மட்டும் போதுமா? பார்க்க வேண்டுமே! கருவியின் விளக்கு ஒரு கண்ணுக்கு, சாட்சி பல்பு மறு கண்ணுக்கு என்று ஆண்டவன் நம்மைப் படைக்கவில்லை. பார்வை இங்கும் அங்குமாக ஊஞ்சலாடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் பேசும்போதுகூட என் கண் அவருடைய இரண்டு மூக்குத்திகளுக்கும் நடுவே போய்ப் போய் வருமாம். "என்னடி பாக்குற, திருடிக்கிட்டுப் போகவா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒருதடவை திரையில் ஒரு பிரம்மாண்டமான கை வந்து கருவியை மூடியது. சோதனைக்கு வந்திருந்த தெலுங்குக்காரர் "அம்மோ" என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். எல்லாரும் அவசரப் பொத்தானை நோக்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். கையில் விரல் நுனிகள் உருண்டையாக இருந்ததைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். கேமராக் கண்ணாடியின் மேல் ஒரு பல்லி ஊர்ந்து போனது. அந்தத் தெலுங்குக்காரர் பிறகு எப்போது வந்தாலும் "பல்லி மேடம் நலமா" என்று என்னை விசாரிப்பார். திரையில் பயங்கரமாக ஏதாவது தெரிந்தால் முதலில் ஒரு மூச்சு விடுங்கள், பிறகு ஓடுங்கள்.

சரி, நான் சொல்ல வந்தது புஷ்பத்தைப் பற்றி.

புஷ்பம் தெற்கே ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்தாள். அங்கே பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். கல்யாணமாகி ஹட் பேக்கு வந்தாள். கணவர் சின்ன இன்ஜின் படகில் தனியாக மீனுக்குப் போகிறவர். ஒருநாள் அவர் போன படகை மற்றவர்கள் கண்டுபிடித்தபோது அது கடலில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மனிதரைக் காணவில்லை.

"அவருக்கு நீச்சல் தெரியாம இல்லக்கா" என்று என்னிடம் சொன்னாள். "விழுந்தவரு எவ்வளவு நீந்தினாலும் படகு நிக்கலியே. அது பாட்டுக்குப் போயிருச்சு."

அவள் அழுதுகொண்டே உட்காரவில்லை. சரி, அழுதிருப்பாள், நமக்கு என்ன தெரியும். ஆனால் கடையில் ரிப்பேர் வேலை இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து ஒரு கருவியைச் செய்தாள். கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, இன்ஜின் பக்கத்தில் வைக்க ஒரு டப்பா. இரண்டும் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். பேசுகிறவரைக்கும் டப்பாவில் பச்சை விளக்கு எரியும். கட்டியிருப்பவர் தண்ணீரில் விழுந்தால் பேச்சு அறுந்துபோகும், விளக்கு அணையும், டப்பா இன்ஜினை நிறுத்திவிடும். படகு அங்கேயே நிற்கும். விழுந்தவர் நீந்தி வந்து ஏறிக்கொள்ளலாம்.

இதில் ஆபத்து எங்கே என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். படகில் ஒயர்லெஸ் இருக்கிறது, பக்கத்தில் போகும் கப்பலில் ராடார் இருக்கிறது. அந்த அலை பட்டு இரண்டுக்கும் பேச்சு அறுந்தால், யாரும் விழாமலே இன்ஜின் நின்றுவிடும். பின்னால் பேரலை வரும்போது பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் நின்றால் படகே மிஞ்சாது.

புஷ்பத்துக்கு ஒரே மகன், சரவணன். அப்பா போன கடலுக்கே இவனும் போகிறான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு ஒரு நிபந்தனை போட்டானாம். "ஒரே ஒரு தடவ சும்மா நின்னுச்சுன்னாலும் கழட்டிக் கடல்ல வீசிருவேன்மா. அப்புறம் கட்டுன்னு சொல்லக் கூடாது." அங்கே மீனவர் சங்கம் இந்தக் கருவிக்காகக் காத்திருந்தது, மழை முடிந்து படகுகள் கிளம்பும் காலம் நெருங்கியிருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கப்பலேறி வந்தது மகனின் அந்த ஒரு கைக்காக.

சோதனைக்கு வருகிறவர்கள் வெளியறையில் உட்கார வேண்டும் என்பது அப்போதும் விதி. நான் அவளை என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். வெளியறையில் மின்விசிறி ஓடவில்லை என்று ஒரு சாக்குச் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்து "வெளியே இரு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே அவளே எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கினாள். மனிதக் கைக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டில், அதைச் சுற்றிக் கட்டிய பட்டை. பக்கத்தில் டப்பா. டப்பாவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற வயர். அதற்கும் பக்கத்தில் நம் சாட்சி பல்பு. கதவைச் சாத்தினோம். அலையை ஏற்றுகிற வேலை நிர்மலுடையது. நிர்மல் மாயாபந்தர் பக்கத்து வங்காளிப் பையன், பொறியாளர், தங்கமான குணம். அக்கா என்பதற்கு என்னைத் தீதி என்பான், தமிழும் இந்தியும் கலந்து பேசுவான். அவனுடைய ஒரே குறை, எல்லாவற்றையும் நேராக அடுக்கி வைப்பது. என் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால்கூட அவனுக்குத் தூக்கம் வராது.

சாயங்காலக் கப்பலுக்குப் புஷ்பத்திடம் டிக்கெட் இருந்தது. ஹட் பே கப்பல் டிக்கெட் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விட்டால் அடுத்தது எப்போது என்று கடல்தான் சொல்ல வேண்டும்.

சோதனை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பச்சை எரிந்தது, பல்பு எரிந்தது. நிர்மல் மெல்லிய குரலில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் அப்படித்தான். முக்கால்வாசி முடிந்திருக்கும். என் பார்வை சாட்சி பல்பின் மேல் இருந்தது.

"அக்கா" என்றாள் புஷ்பம். "பச்ச அணைஞ்சு வந்துச்சு."

நிர்மல் அலையை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் பச்சையைப் பார்க்கவில்லை, அந்த நொடியில் என் கண் இந்தப் பக்கம் இருந்தது. பார்த்தவள் அவள் ஒருத்திதான். படத்தைப் பதிவு செய்கிற கருவி அப்போது பழுதாகி மெயின்லேண்டுக்குப் போயிருந்தது, இங்கே எது பழுதானாலும் கப்பலேற வேண்டுமே. திரும்பப் போட்டுப் பார்க்க வழியில்லை.

நினைத்துப் பாருங்கள் பிள்ளைகளே. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கருவி தேறியிருக்கும். அவளுக்கும் அது தெரியும். அவள் முகம் வெளுத்துப்போய், சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிர்மல்தான் முதலில் பேசினான். "அரே தீதி, கேமரா கட்பட் பண்ணியிருக்கும். எத்தன தடவ பண்ணியிருக்கு! கேமராவோட கோளாறுன்னு எழுதிக்கலாம். அவங்களுக்குக் கப்பல் இருக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்தான். நம் கேமரா அப்படிச் செய்வதும் உண்டுதான். ஆனால் தடுமாறியது கேமரா என்றால் சாட்சி பல்பும் அதே நேரத்தில் அணைந்து வந்திருக்க வேண்டும். அது அணைந்ததா இல்லையா என்று தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்தி. அது அணையவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'நான் கவனிக்கல' என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்பது போல் அந்த நிமிடத்தில் தோன்றியது. நிர்மல் சிரிப்பான், இவள் கப்பலைப் பிடிப்பாள், நான் வழக்கமான படகில் வீட்டுக்குப் போவேன். நம் தொழிலில் பூசி மெழுகுவதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், இப்படி ஒரு கருணை வந்தால் போதும். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். தனக்கு எதிராக இருந்தாலும், பார்த்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் இருப்பதை நான் வைத்துக்கொண்டால் அவள் சொன்னது வீணாகிவிடும்.

"பல்பு அசையல நிர்மல்" என்றேன். "நான் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கேமரா நல்லாருக்கு."

புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபமா நன்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும்.

நிர்மல் உள்ளே போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். மறுபடி அதே இடத்திலிருந்து அலையை ஏற்றினான். பச்சை அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. இன்னும் ஒரு தடவை. ம்ஹூம்! சிலை மாதிரி எரிகிறது. நிர்மல் நாற்காலியில் சாய்ந்தான். "பாருங்க தீதி. இப்ப என்ன சொல்றது? ஒரு தடவ வந்துச்சு, இனிமே வரவே இல்ல."

புஷ்பம் சொன்னாள், "நான் பாத்தேண்ணே. சத்தியமா பாத்தேன்." தன் கருவி கெட்டது என்று நிரூபிக்க ஒருத்தி சத்தியம் செய்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. திரையில் ஏதோ மாறியிருக்கிறது. நாள் முழுக்க ஒரே படத்தைப் பார்க்கிறவளுக்கு இது ஒன்றுதான் கூலி: வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தால் உள்ளே வந்ததும் தெரியுமே, அப்படி. கருவி இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, பல்பு இருக்கிறது. முன்னால் படத்தின் கீழ்ப்பக்கம் வளைவாக ஏதோ தொங்கியது. இப்போது இல்லை.

"நிர்மல், அந்த வயர என்ன பண்ணின?"

அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே போனபோது தொங்கிக்கொண்டிருந்த வயரை மேஜையோரமாக நேராக இழுத்து, டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்திருக்கிறான். வேண்டுமென்று செய்யவில்லை. படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவி விடுகிற மாதிரி, கை தானாகச் செய்தது. நேராக ஒட்டிய வயர் அலையை வாங்கவில்லை. தொங்குகிற வயர் வாங்கும், ஆண்டெனா மாதிரி.

"படகுல அது எப்படி இருக்கும்?" என்று புஷ்பத்திடம் கேட்டேன்.

"தொங்கிக்கிட்டுத்தான் இருக்கும். இஞ்சின் ஆடுமில்ல, இழுத்துக் கட்டினா அறுந்துரும். அவரு படகுல எப்பவுமே அப்படித்தான் விடுவாரு."

"அப்ப நீயே போயி முன்ன மாதிரி வச்சுட்டு வா" என்றேன். கப்பலுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது. மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் தனியாக உள்ளே போனாள். திரையில் அவள் டேப்பைப் பிரிப்பது தெரிந்தது. வயரைத் தொங்கவிட்டாள். பிறகு, வெளியே வராமல், பாட்டிலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மெதுவாகக் கட்டினாள். கட்டிய பிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. உள்ளே நடப்பது நமக்குப் படமாகத்தான் வரும், சத்தம் வராது, என்ன சொன்னாள் என்று தெரியாது. கேமரா இருப்பதை அவள் மறந்துவிட்டாள். நான் நிர்மலின் தோளைத் தொட்டேன், இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். திரை ஓடும்போது நானாகக் கண்ணை எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

கதவைச் சாத்தினோம். அலை ஏறியது. புஷ்பத்தின் கண் பச்சையில், என் கண் பல்பில், நிர்மலின் கண் இரண்டிலும்.

பச்சை அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்தது. பல்பு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"போதும்ணே" என்றாள் புஷ்பம். "நிறுத்திருங்க."

கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "இது அங்க கடல்ல நின்னிருந்தா?" நிர்மல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. கருவி தேறவில்லை, கப்பலும் போய்விட்டது, மகன் ஒத்துக்கொண்ட ஒரே விஷயமும் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாத்தத்திலிருந்து படகில் பாம்பூஃப்ளாட் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாமியார் நின்றிருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "இவதான் இன்னைக்கு உங்க சீரியல்ல வந்தவளா?" என்று கேட்டார். புஷ்பம் ஒரு கணம் விழித்தாள், பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மாமியார் போட்ட சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த கப்பல் கிடைக்கும்வரை எங்கள் சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய பட்டறை. நிர்மல் தினமும் சாயங்காலம் வருவான். வயர் உள்ளே நுழைகிற இடத்தை மாற்றினார்கள், அலையை விழுங்குகிற கருப்பு வளையம் ஒன்றை அதில் மாட்டினார்கள், டப்பாவுக்குள் இரண்டு இடத்தில் ஈயம் வைத்தார்கள். பற்றவைக்கும்போது டார்ச் பிடிக்கிற உத்தியோகம் மாமியாருக்கு. கை ஆடினால் புஷ்பம் அதட்டுவாள், "அம்மா, நேரா புடிங்க!" என்று. என்னை ஒரு நாள்கூட அதட்டவிடாத மாமியார் "சரிம்மா, சரிம்மா" என்று பிடித்தார். கேமராவைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

மறுசோதனையில் நிர்மலைப் பார்த்திருக்க வேண்டும். உலகத்தில் ஒரு வயரை எத்தனை அசிங்கமாக வைக்க முடியுமோ அத்தனை அசிங்கமாக வைத்தான். தொங்கவிட்டான், சுருட்டினான், முறுக்கினான், கோணல்மாணலாக இழுத்துப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தில் எவ்வளவு வேதனை! பச்சை அசையவில்லை. முடிந்தது என்று நிர்மல் கைதட்டியபோது புஷ்பம் கைதட்டவில்லை. "இன்னொரு தடவ போடுங்கண்ணே, எனக்காக" என்றாள். போட்டான். அதற்குப் பிறகுதான் அவள் டிக்கெட்டைப் பையில் எடுத்து வைத்தாள்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது ரொம்பக் கொஞ்சம். திரையில் பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் எவ்வளவு பாசம் வந்தாலும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். பாசம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும், வந்தால்தான் ஒழுங்காகப் பார்ப்பீர்கள். வந்தபின் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுங்கள், திரையில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். உள்ளே யாராவது தனியாக நின்று தங்கள் கருவியோடு பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மத்தியானம் ஹட் பேயிலிருந்து போன் வந்தது. லைன் சரியில்லை, இங்கே லைன் எப்போது சரியாக இருந்தது. கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே புஷ்பத்தின் குரல்.

"அக்கா, சரவணன் தண்ணில விழுந்துட்டான்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "எப்படி? எப்ப? என்னடி சொல்ற?"

"காலையிலக்கா. தனியாப் போயிருக்கான். வலைய இழுக்கயில கால் வழுக்கிருச்சு. இஞ்சின் நின்னுருச்சுக்கா! விழுந்த ஒடனே நின்னுருச்சாம். படகு ஆடிக்கிட்டு அங்கயே நின்னுச்சாம். நீந்திப் போயி ஏறிட்டான்."

கரகரப்பு ஏறியது, நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பட்டைய ஒரு நாளும் அவன் கழட்டலக்கா" என்றாள். "இத்தன நாள்ல ஒரு தடவகூட அது சும்மா நிக்கல. அதான் கையிலயே கெடந்துச்சு."

"இப்ப எங்கடி அவன்?"

"எங்க இருப்பான், இந்தா எனக்கு முன்னால உக்காந்து தின்னுக்கிட்டிருக்கான். கொழம்புல உப்புப் பத்தலையாம் தொரைக்கு!" என்று சொல்லிவிட்டு, புஷ்பம் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.